பெரியத்தானுக்காகக் கட்டிய திரை

டெனிஷ் நகரமான ஹ்விடோவ்ரேயின் கைத்தொழில் பகுதியில், டயர் மாற்றும் கடைக்கும் குளியலறை ஓடுகள் விற்கும் களஞ்சியத்துக்கும் நடுவில் ஞானேஸ்வரியின் உணவகம் இருக்கிறது. முன்பக்கம் சாப்பாட்டுக் கடை, பின்பக்கம் கொண்டாட்ட மண்டபம். கடல் கிட்ட என்பதால் காற்றுக்கு அங்கே விடுமுறையே கிடையாது. காரை விட்டு இறங்குகிற பெண்கள் ஒரு கையால் சேலையையும் மறுகையால் தலைமயிரையும் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். கதவைத் தாண்டியதும் ரோல்ஸ் பொரிகிற வாசம் வரும். அதோடு காற்றைத் திட்டுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஞானேஸ்வரி முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பல வருஷம் உருளைக்கிழங்கு அவித்தவள். உறைப்புப் புளிப்பு இல்லாமல் அவித்து அவித்துக் கை மரத்துப்போய், ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையை எடுத்தாள். கணவன் குலேந்திரன் பஸ் ஓட்டுகிறவன். விடியப் போனால் மத்தியானம் கழிய வருவான், வந்தால் உறங்குவான். கடையில் நாள் முழுக்க நிற்பவள் அவள்தான் என்பதால் கடையும் அவள் பேரில், மதுபான அனுமதியும் அவள் பேரில். அந்த அனுமதியை எங்கள் ஆட்கள் டெனிஷ் சொல்லாலேயே ‘பெவிலிங்’ என்பார்கள். கொம்யூன் என்கிற நகரசபையில் அதற்கென்று ஒரு சபை இருக்கிறது. அனுமதி கொடுப்பதும் அதுதான், கண்காணிப்பதும் அதுதான், பிழை கண்டால் பறிப்பதும் அதுதான். அனுமதி யார் பேரில் இருக்கிறதோ அந்த ஆள்தான் கடையை உண்மையாக நடத்த வேண்டும் என்பது அவர்களுடைய முதல் சட்டம். இதையெல்லாம் ஞானேஸ்வரி படித்துச் சோதனை எழுதித்தான் பெவிலிங் எடுத்தாள். சட்டம் அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் விழுந்தாள் என்பதுதான் கதை.

குலேந்திரனுக்கு ஒரு தமையன். பெயர் தேவராஜா, இருப்பது பக்கத்துப் புரொண்பியில். எண்பதுகளில் தனி ஆளாய் வந்து இறங்கி, இறைச்சித் தொழிற்சாலையின் குளிரறையில் நின்று உழைத்து, தம்பி தங்கைமாரை ஒவ்வொருவராய் இங்கே எடுத்தவர். அகதி முகாமில் இருந்த காலத்திலேயே இயேசுவை ஏற்றுக்கொண்டவர், இப்போது பெந்தெகொஸ்தே சபையொன்றின் மூப்பர். குடும்பத்தில் பாதி சைவம், பாதி வேதம். ஆனால் தேவராஜா ஒரு வாசலில் தலையைக் காட்டினால் விபூதி பூசியவனும் பூசாதவனும் ஒன்றாய் எழும்புவார்கள். ஞானேஸ்வரிக்கு அவர் பெரியத்தான். அவர் முன்னால் அவள் கதிரையில் இருந்து கதைத்ததை யாரும் கண்டதில்லை.

சாராயம் என்றால் பெரியத்தானுக்கு ஆகாது. பியர்ப் பெட்டி அடுக்கிய கடையைக் கடக்கும்போதுகூட முகத்தை மற்றப் பக்கம் திருப்புகிற மனிதர். அப்படிப்பட்டவர் வருகிற நாட்களில் பாரை என்ன செய்வது? ஞானேஸ்வரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். தன்னுடைய கூறைச் சேலைக்கு அடுத்தபடி நல்லதான மஞ்சள் காஞ்சிபுரத்தை எடுத்து, பாரை முழுதாக மூடி, குறுக்கே பூமாலை ஒன்றையும் தொங்கவிடுவாள். வாழைமரம், நிறைகுடம் எல்லாம் அதன் முன்னால் வந்துவிடும். பார்ப்பவர்கள் மணவறையின் மிச்சம் என்று நினைப்பார்கள். குடிக்க விரும்புகிற ஆம்பிளைகள் தங்கள் தங்கள் போத்தலோடு வாகனத் தரிப்பிடத்துக்குப் போய், கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்றில் பிளாஸ்டிக் கப் பறக்கப் பறக்கக் குடிப்பார்கள். உள்ளே அனுமதி பெற்ற பார் சேலை கட்டிக்கொண்டு சும்மா நிற்கும், வெளியே அனுமதி இல்லாத இடத்தில் வியாபாரம் இல்லாத குடி நடக்கும். மரியாதைக்காக எங்கள் ஆட்கள் சட்டத்தைத் தலைகீழாக நிறுத்துவதில் கெட்டிக்காரர்கள்.

அது யூன் மாதம். குலேந்திரனின் தங்கை மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. இந்த நாட்டில் யூனில் சூரியன் போக மனமில்லாமல் நிற்கும். சாப்பாட்டு நேரத்துக்கும் வெயில் பளிச்சென்று இருந்தது. ஞானேஸ்வரி முதல் நாளே ஆட்டிறைச்சியை வெட்டி ஊறவைத்து, கத்தரிக்காயைப் பொரித்துப் பால்கறி வைத்து, இடியப்பத்துக்கு மா வறுத்து, நெய்ச்சோற்றுக்கு வெங்காயம் சீவி, முழங்கை வரை மசாலாவோடு நின்றாள். மண்டபத்தின் முன்வரிசை நடுக் கதிரையில் பெரியத்தான் வெள்ளைச் சேட்டோடு அமர்ந்திருந்தார். ஆலத்தி முடிந்து பந்திக்கு ஆட்கள் எழும்புகிற நேரம் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள், ஒரு உயரமான ஆணும் ஒரு இளம் பெண்ணும். சண்டைக்கு வந்தவர்கள் இல்லை. அனுமதி உள்ள இடங்களை அவ்வப்போது வந்து பார்ப்பது அவர்கள் வழக்கம், அன்று இந்த மண்டபத்தின் முறை.

வந்தவர்கள் முதலில் கண்டது திறந்த டிக்கிகளை. பிறகு உள்ளே வந்து பாரைத் தேடினார்கள், காணவில்லை. அந்தப் பெண் பொலிஸ் பூமாலையை மெதுவாக விலக்கி, காஞ்சிபுரத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பியர்க் குழாயும் போத்தல் வரிசையும் தெரிந்தன. மண்டபத்தில் மேளப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் பலருக்கு எதுவும் விளங்கவில்லை. வீடியோக்காரன் மட்டும் அதையும் ஒழுங்காகப் படம் பிடித்துக்கொண்டான்.

ஞானேஸ்வரியை அழைத்தார்கள். அவள் ஏப்ரனோடு ஓடி வந்தாள். உயரமானவர் அமைதியாகத்தான் கேட்டார், இங்கே முடிவெடுப்பவர் யார் என்று. அவளுக்கு டெனிஷ் விளங்காமல் இல்லை. ஆனால் பக்கத்தில் பெரியத்தான் இருந்தார். அவர் இருக்கிற இடத்தில் ‘நான்’ என்று சொல்ல அவள் வாய் பழகவில்லை. கை தானாக அவர் பக்கம் நீண்டது.

“எங்கள் மூத்தவர் இருக்கிறார். அவரைக் கேளுங்கள்” என்றாள்.

பொலிஸ்காரர் பெரியத்தானிடம் போனார். இங்கே பொறுப்பு நீங்களா என்று கேட்டார். மண்டபம் அதற்குள் அடங்கிவிட்டது. பாட்டை யாரோ நிறுத்தியிருந்தார்கள். பெரியத்தான் எழும்ப, மண்டபமும் கூடவே எழும்பியது. அவர் சேட்டை இழுத்துவிட்டு, ‘ஆம்’ என்றார். அத்தோடு விடாமல், இங்கே இருக்கிற எல்லோரையும் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது தான்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். போகும்போது ஞானேஸ்வரி இருவருக்கும் ரோல்ஸ் நீட்டினாள். கடமை நேரம் என்று நன்றி சொல்லி மறுத்துவிட்டார்கள்.

கோடை விடுமுறை கழிந்து இலையுதிர்காலம் தொடங்கியபோது கொம்யூனிலிருந்து டிஜிட்டல் தபால் வந்தது. மகள் சாரங்கி வாசித்தாள். காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிற பிள்ளை, டெனிஷ்தான் அவளுக்கு வாயில் முதலில் வரும். வாசித்து முடித்து, டெனிஷிலேயே தாய்க்கு விளக்கினாள். அனுமதியைப் பறிப்பது பற்றிச் சபை யோசிக்கிறது. காரணம், அனுமதி வைத்திருப்பவர் கடையை நடத்தவில்லை, வேறொருவருக்காகப் பெயரைக் கொடுத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. அப்படிப்பட்ட ஆளுக்கு டெனிஷில் ‘வைக்கோல் ஆள்’ என்று பெயராம்.

வைக்கோல் ஆள் என்றதும் ஞானேஸ்வரிக்குத் தோட்டத்து வெருளிதான் நினைவுக்கு வந்தது. கிழிந்த சேட்டும் சட்டித் தலையும். இவ்வளவு காலமும் அடுப்பில் வெந்தது ஒரு வெருளியா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. பெவிலிங் போனால் மண்டபத்துக்கு யாரும் வர மாட்டார்கள், மண்டபம் இல்லாமல் முன்கடை நிற்காது. திரும்ப முதியோர் இல்லத்து உருளைக்கிழங்குக்குப் போகலாம்தான். ஆனால் அதைவிட, அரசாங்கத்தின் எழுத்தில் தான் ஒரு வெருளி என்று பதிந்துவிடும் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

பொலிஸ் அறிக்கையும் கூடவே இருந்தது. சாரங்கி வரிவரியாகச் சொன்னாள். பார் துணியால் மூடப்பட்டிருந்தது. விருந்தினர் வெளியே சொந்த மதுவைக் குடித்தனர். அனுமதி உடையவர் வேறொருவரைக் கைகாட்டினார். அவர் ஒப்புக்கொண்டார். அவர் எழும்பியபோது அனைவரும் எழும்பினர். சமையலறை மிகச் சுத்தம். சிறுவர் எவருக்கும் மது கொடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. எங்களுக்கு உணவு தர முன்வந்தார், நாங்கள் ஏற்கவில்லை. ஒரு பொய்கூட இல்லை. ஞானேஸ்வரிக்கு அதுதான் பயமாக இருந்தது. பொய் எழுதியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். உண்மையை மட்டும் அடுக்கிக்கொண்டு போய்ப் பிழையான இடத்தில் நின்றிருந்தார்கள், அந்த இடத்துக்குக் கைகாட்டியவளும் அவள்தான்.

கடைசிப் பந்தியைச் சாரங்கி இரண்டு தரம் வாசித்தாள். இது தீர்ப்பு இல்லை. தீர்ப்புக்கு முன் உங்கள் பக்கத்தைக் கேட்க விரும்புகிறோம். எழுதி அனுப்பலாம், அல்லது சபையின் கூட்டத்துக்கு நேரில் வரலாம்.

“என்ன, எங்களைக் கேக்கினமோ?” என்றாள் ஞானேஸ்வரி. 

சாரங்கி தோளைக் குலுக்கினாள். இங்கே அது சாதாரணம் என்றாள். ஞானேஸ்வரிக்குச் சாதாரணமாகப் படவில்லை. அவள் அறிந்த அதிகாரம் முன்னறிவித்தல் தந்து வந்ததே இல்லை. ஊரில் அவளுடைய தகப்பனின் கடையைப் பூட்டியவர்கள் பூட்டைக் கையில் கொண்டுதான் வந்தார்கள், ஏன் என்று கேட்டவனுக்கு அடி விழுந்தது. அடிப்பதற்கு முன் ‘அடிக்கலாமா என்று யோசிக்கிறோம், நீ என்ன சொல்லுகிறாய்’ என்று கேட்கிற அரசாங்கத்தை நினைக்க அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது நல்லதோ கெட்டதோ என்றுகூடத் தெரியாத ஒரு வியப்பு. அன்று முழுக்க அவள் வெங்காயம் சீவினாள்.

குலேந்திரனுக்கு இந்த வியப்பெல்லாம் இல்லை. அண்ணை பகிடிக்குச் சொன்னவர், மொழி விளங்காமல் சொன்னவர் என்று எழுதிவிடலாம் என்றான். அதற்கு அண்ணையின் சம்மதம் வேண்டும் என்றாள் ஞானேஸ்வரி. நான் கேட்கிறேன் என்று புரொண்பிக்குப் போனான். போனவன் அண்ணையோடு தேத்தண்ணி குடித்து, அண்ணை செய்த ஜெபத்துக்குக் கண்மூடி இருந்து, உதைபந்தாட்டம் பற்றிக் கதைத்து, விஷயத்தைத் தொடாமலே திரும்பி வந்தான். பஸ்ஸை எந்த ஒடுக்கத்துக்குள்ளும் வளைத்து எடுக்கிறவன், தமையன் முன்னால் மட்டும் பிரேக்கை விட்டுக் காலை எடுக்க மாட்டான்.

கடைசியில் ஞானேஸ்வரியே போனாள். அன்று ஒக்டோபர் மழை, குடையைக் காற்று ஒடித்துப்போட்டது. நனைந்த சால்வையோடு போய்க் கதவைத் தட்டினாள். தேவராஜாவின் மனைவி தேவமலர் துவாய் கொடுத்துத் துடைக்கச் சொல்லி, உள்ளிப்பூண்டு போட்ட சூப் ஒன்றைக் கையில் திணித்தாள். பெரியத்தான் சமையலறை மேசையில் இருந்தார், முகம் வாடியிருந்தது. தேவமலர் இரகசியமாகச் சொன்னாள். பெந்தெகொஸ்தே சபைக்குள் கதை பரவிவிட்டதாம். சாராயக் கடையின் உண்மையான முதலாளி மூப்பர்தான் என்று பொலிஸ் எழுதியிருக்கிறது என்று ஒருவர் சொல்ல, மற்றவர் கூட்டிச் சொல்ல, போன ஞாயிறு பாஸ்டர் இவருடைய முகத்தைப் பார்க்காமல் கை கொடுத்தாராம். வாழ்நாளில் ஒரு துளி தொடாத மனிதர், ஒரு ‘ஆம்’ சொல்லிக் கள்ளுக்கடைக்காரராகிவிட்டார்.

ஞானேஸ்வரி வழக்கம்போல நின்றபடியே கதைத்தாள். கூட்டத்துக்கு வர வேண்டும் என்றாள்.

“நான் வந்து என்னத்தைச் சொல்லுறது, பிள்ளை?”

“உண்மையைச் சொல்லுங்கோ, பெரியத்தான்.”

“எந்த உண்மையை?”

அவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். கடை தொடங்கிய காலத்தில் அவர் அவளுடைய வீட்டுக்கு வந்து, சோபாவின் நுனியில் இருந்து, சாப்பாடு வில், சாராயம் மட்டும் வேண்டாம் என்று கேட்டார். கட்டளையாகக் கூட இல்லை, கையெடுக்காத குறையாகக் கேட்டார். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மற்றக் கிழமை பெவிலிங்குக்கு விண்ணப்பித்தாள். அதன் பிறகு அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை. பெரியவர் சம்மதித்துத்தான் நடக்கிறது என்று சொந்தக்காரர் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவருடைய பேச்சு ஒருத்தியிடம் எடுபடவில்லை என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அந்தச் சேலைத் திரை மறைத்தது பாரை மட்டும் இல்லை.

பெரியத்தான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளுடைய பாடத்தை அவளுக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. சூப்பை நின்றபடியே குடித்துவிட்டு அவள் திரும்பினாள்.

கூட்ட நாளில் கொம்யூன் கட்டடத்தின் வாசலில் அவர் நின்றார். ஓய்வு பெற்ற நாளில் தொழிற்சாலை கொடுத்த கோட்டைப் போட்டிருந்தார். குலேந்திரனைக் கண்டதும் தலையசைத்தார். மூவருமாக மேலே போனார்கள்.

ஞானேஸ்வரி ஒரு நீதிமன்றத்தை எதிர்பார்த்திருந்தாள், உயரமான ஆசனம், கறுப்பு அங்கி என்று. அங்கே ஒரு நீள மேசை, தேர்மோஸில் கோப்பி, தட்டில் பிஸ்கட். சபைத் தலைவி நரைமுடியை வெட்டிவிட்ட ஒரு பெண், தேர்தலில் வென்று கொம்யூனுக்கு வந்தவள். உணவகக்காரர் சார்பில் ஒருவர், பரிமாறும் தொழிலாளர் சார்பில் ஒருவர், பொலிஸ் சார்பில் ஒருவர், இன்னும் சிலர். ஒவ்வொருவராய் எழும்பிக் கை கொடுத்துப் பேர் சொன்னார்கள். கடையைப் பறிக்க இருக்கிற கை தனக்குக் கோப்பி ஊற்றித் தருவதை ஞானேஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். பால் வேண்டுமா என்று தலைவி கேட்டபோது அவள் கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

தலைவி சுற்றி வளைக்கவில்லை. அறிக்கையை எல்லோரும் வாசித்திருக்கிறோம், எங்களுக்கு ஒரு கேள்விதான் முக்கியம் என்றாள். பிறகு தேவராஜா பக்கம் திரும்பி, அன்று பொறுப்பு நீங்கள் என்று சொன்னீர்கள், அந்த இடத்தை நடத்துவது நீங்களா என்று கேட்டாள்.

குலேந்திரன் முந்திக்கொண்டு, அண்ணனுக்கு மொழி சரியாக வராது என்று தொடங்கினான். பெரியத்தான் கையை உயர்த்தினார், அவன் வாய் நின்றது.

“எனக்கு மொழி வரும்” என்றார் டெனிஷில். தொழிற்சாலையில் படித்த டெனிஷ் அது, மரியாதைச் சொல் ஒன்றும் இல்லாமல் நேரே போகும். “அன்று பொலிஸ்காரர் கேட்டது எனக்கு விளங்கியது. நான் சொன்னது பொய்.”

தலைவி எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். 

“மண்டபம் முழுக்க என் ஆட்கள். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இங்கே நான் யாரும் இல்லை என்று அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் ஆம் என்றேன்.”

பெரியத்தான் தண்ணீரை எடுத்துக் குடித்தார். கறிக்குள் உப்புக் கூடினாலும் முகம் சுழிக்காத அந்த மனிதரின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

“நான் இவளிடம் மது விற்காதே என்று சொன்னேன்” என்றார். “வீட்டுக்குப் போய்க் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் நான் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். இவள் கேட்கவில்லை. உங்களிடம் வந்து அனுமதி வாங்கினாள். அங்கே முடிவெடுப்பது நானாக இருந்தால் உங்களுக்கு இன்றைக்கு இந்தக் கூட்டமே இருந்திருக்காது. அந்த மண்டபத்தில் ஒரு போத்தல்கூட இருந்திருக்காது.”

ஞானேஸ்வரி குலேந்திரனைப் பார்த்தாள், அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கலியாண வீட்டில், ஒரு செத்த வீட்டில், சொந்தக்காரர் நடுவில் இந்த வார்த்தைகளை அவர் சொல்லியிருந்தால் குடும்பம் இரண்டாய்ப் பிளந்திருக்கும். அவர் அதை அந்நியர் முன்னால், கோப்பிக் கோப்பைகளுக்கு நடுவில், தன் கையால் தன்னைக் கதிரையிலிருந்து இறக்கிவைப்பதுபோல் சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை, அவளைக் காட்டிக் கொடுக்கவும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய மனிதர் என்று இவ்வளவு காலமும் எழும்பி நின்றாளே, அவர் எவ்வளவு பெரிய மனிதர் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

தலைவி அவளைக் கேட்டாள், இது உண்மையா என்று.

பெரியத்தான் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவருடைய முழங்கை இவளுடைய முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. 

“உண்மை” என்றாள். “அவர் வேண்டாம் என்றார். நான் வேண்டும் என்று முடிவெடுத்தேன்.”

“துணியைக் கட்டியது யார்?” என்று கேட்டார் பொலிஸ் தரப்பிலிருந்து வந்தவர்.

“நான்தான். கட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. அவர் கண்ணில் படக்கூடாது என்று நானாக நினைத்துக் கட்டினேன்.”

பரிமாறும் தொழிலாளர் சார்பில் இருந்த பருத்த மனிதர் மெல்லச் சிரித்தார். தன் மாமியார் வருகிற நாளில் தானும் சிகரட் பெட்டியை மா வைக்கிற தகரப் பேணிக்குள் ஒளிப்பதாகச் சொன்னார். மேசை கொஞ்சம் இளகியது. ஆனால் தலைவி இளகவில்லை. வெளியே டிக்கிகளில் குடித்தவர்களைப் பற்றிக் கேட்டாள். உங்களுக்குத் தெரிந்துதானே நடந்தது என்றாள். ஞானேஸ்வரி தெரியாது என்று சொல்லப் பார்த்தாள். இரண்டு பேர் உண்மை பேசி முடித்த மேசையில் அந்தப் பொய் வாயை விட்டு வரவில்லை. தெரியும், தடுக்கவில்லை, தடுத்திருக்க வேண்டியது என் வேலை என்றாள்.

அவர்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைவழியில் மூன்று கதிரை. யன்னலுக்கு வெளியே மழை படுக்கையாக அடித்தது. குலேந்திரன் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தான். பெரியத்தான் கண்ணை மூடியிருந்தார், ஜெபிக்கிறாரா களைத்துப் போனாரா தெரியவில்லை. ஞானேஸ்வரிக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நன்றி என்பது சின்னச் சொல்லாகப் பட்டது, மன்னிப்பு என்றால் பொய்யாகிவிடும், ஏனென்றால் அவள் செய்ததற்கு அவள் வருந்தவில்லை.

திரும்ப அழைத்தபோது தலைவி நின்றுகொண்டே சொன்னாள். அனுமதி ஞானேஸ்வரியிடமே இருக்கும். ஆனால் எழுத்தில் எச்சரிக்கை வரும். இனிமேல் பாரை எந்தத் துணியாலும் மறைக்கக்கூடாது. வாகனத் தரிப்பிடத்தில் யாராவது குடித்தால் அதற்குப் பொறுப்பும் அவள்தான், மாமன் மச்சான் யாராக இருந்தாலும் நிறுத்த வேண்டும். மறுபடி வந்து பார்ப்போம், இதே மாதிரி ஒன்று கண்டால் அனுமதி போய்விடும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், வந்து கதைத்ததற்கு நன்றி என்று தேவராஜாவின் கையைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் விடவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. குலேந்திரன் காரை எடுத்துவர ஓடினான். கட்டடத்தின் படியில் இரண்டு பேரும் நின்றார்கள். பெரியத்தான் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே, அவளைப் பார்க்காமல் தொடங்கினார்.

“நான் இனியும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன், பிள்ளை. அது பாவம். அதை நான் மாத்த மாட்டன்.”

“சொல்லுங்கோ, பெரியத்தான். எப்பவும் சொல்லுங்கோ.” இதற்கு முன்னால் அவருடைய முகத்துக்கு நேரே அவள் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறாள் என்பது அவளுக்கே தெரிந்தது. “நான் கேட்டுக்கொண்டு நிப்பன். ஆனால் செய்யிறதோ விடுறதோ எண்டதை நான்தான் தீர்மானிப்பன்.”

காற்று அவருடைய வெள்ளை முடியைக் கலைத்தது. அவர் இப்போது திரும்பி அவளைப் பார்த்தார்.

“ஓம். அதைத்தானே நான் உள்ளுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்” என்றார்.